பதினேழாவது மூளை

"பதினேழாவது ஆளோட பதிவைத் தூக்கிடு. அது குப்பை," என்றார் பேராசிரியர், திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல்.

பதினேழாவது ஆள் அவள்தான். சோதனைக்கு ஆள் போதாமல், ஆய்வு மாணவியான அவளே மூளை அலையைப் பதியும் கம்பித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் வரும், இடதா வலதா என்று ஊகித்துப் பட்டனை அழுத்த வேண்டும், 'சரி' அல்லது 'தவறு' என்று காட்டும். 'தவறு' வந்ததும் மற்றவர்கள் மூளையில் அலை பள்ளத்தில் விழுந்தது. பேராசிரியர் எழுதிய செயற்கை நுண்ணறிவு கணித்த கோடும் அப்படியே விழுந்தது. அவளுடைய கோடு மட்டும் அசையவில்லை. 'சரி' என்றபோதுதான் தூக்கிப் போட்டது.

"குப்பை இல்ல சார். உங்க மிஷின் ஒண்ணும் தெரியாம ஆரம்பிக்குது. நான் தப்புன்னுதான் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சே உட்கார்றேன். பள்ளிக்கூடத்துல இருந்து இந்த ரூம் வரைக்கும் அதத்தானே கேட்டேன். எதிர்பார்த்ததே வந்தா மூளை எதுக்கு அலட்டிக்கணும்?"

"கதை விடாத. லாரி டிரைவர் பொண்ணு இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. தூக்கினா கட்டுரையில உன் பேர் இருக்கும். இல்லன்னா இல்ல."

அவளுக்கு அந்தப் பேர் வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, வெறியாகவே வேண்டும். அவள் குடும்பத்தில் யார் பேரும் அச்சில் வந்ததில்லை.

"நீங்க ஒரு தடவ உட்காருங்க சார். பயமா?"

"எனக்கா?" பேராசிரியர் வந்து உட்கார்ந்தார்.

"பெரிய சைஸ் தொப்பி எடுக்கவாம்மா?" என்று டெக்னீசியன் அக்கா ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

முதல் 'தவறு'க்கே அவர் கோடு திரையின் அடிமட்டத்தைத் தொட்டது. அடுத்ததற்கு அதையும் தாண்டியது. ஏழாவதற்கு எழுந்தே விட்டார்.

"புரோகிராமே தப்பு! இடதுதான் சரி!"

"நாப்பது பேர் உட்கார்ந்தாங்க சார். யாரும் எழுந்திரிக்கல," என்றாள் அவள்.

"உன் பேரை எடுக்கறேன் பாரு!"

"எடுத்துக்கோங்க." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "பதினேழ எடுக்க முடியாது. நாப்பது பேர் பதிவையும் மத்தியானமே ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்."

தொப்பிக்கு அடியில் தடவிய ஜெல் அவர் நெற்றியில் வழிந்தது. அக்கா கையில் துண்டு இருந்தது. நீட்டவில்லை.