ஒதிலியா ரோசாசின் இடம்

"அம்மாவுக்கு ஒரு இடம் வேணும்" என்றாள் மரிசெலா. சமையலறை வாசலைத் தாண்டி அவள் உள்ளே வரவில்லை. வா என்று யாரும் சொல்லவும் இல்லை.

எர்மிலோ சோள ரொட்டியைக் கிழித்து அவரைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த வருஷம் அவர்தான் பொறுப்பு. அதன் சாவி மேசைமேல் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"உங்கம்மா போனது எங்களுக்கும் வருத்தந்தாம்மா. காலையில கேள்விப்பட்டதிலிருந்து வாய்க்கு ருசியே இல்ல" என்றார், மூன்றாவது ரொட்டியை எடுத்துக்கொண்டே. "ஆனா அந்த இடம் ஊர்க்காரங்களுக்குத்தான். நான் வெச்ச சட்டமா இது?"

"பதினெட்டு வருஷமா நாங்களும் இங்கதானே இருக்கோம், தோன் எர்மிலோ."

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க."

மரிசெலா திரும்பி ஒதிலியாவைப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, தோன்யா ஒதிலியா. உங்களுக்குத் தெரியாததா?"

அடுப்படியில் நின்ற எர்மிலோவின் மனைவி ஒதிலியா, திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சாயங்காலம் கூட்டம் இருக்கில்ல. அங்க பேசிக்கலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அந்தப் பெண் தெருமுனை தாண்டிய பிறகுதான், தாயைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றார் எர்மிலோ. "ஒருத்திக்குக் கதவைத் திறந்துவிட்டா அந்தப் பக்கமே திரண்டு வந்து படுத்துக்கும். வந்தேறிங்களுக்கெல்லாம் இடம் கொடுத்துட்டு, நம்ம எங்க போறது?"

ஒதிலியா அடுப்பை அணைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அதில் மிச்சம் இருந்தது என்ன? ஒரு மாதா கோயில், அதற்கு முன்னால் ஒரு சதுக்கம், பின்னால் அந்தக் கல்லறைத் தோட்டம். மற்றதெல்லாம் கம்பெனிதான். சோளக்கொல்லைகள் இருந்த இடத்தில் பெயின்ட் கம்பெனி, குழாய்க் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி. காற்று தெற்கே அடித்தால் பிஸ்கட் வாசம், வடக்கே அடித்தால் பெயின்ட் நாற்றம். நிலத்தையெல்லாம் கம்பெனிக்காரனுக்கு விற்றுத் தின்று தீர்த்தவர்கள் அந்தத் தோட்டம் ஒன்றைத்தான் விற்காமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் அதன்மேல் அத்தனை வீம்பு.

அங்கே இடம் வேண்டுமானால் ஊர்வேலைக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள். மதில் கட்ட, சாக்கடை வெட்ட, சுண்ணாம்பு அடிக்க. வாசலில் ஊர்ப் பெரியவர் தோன் எவரார்தோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்று, பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஒதிலியாவுக்கு அப்பன் வழியில் வந்த இடம் என்பதால் எர்மிலோ வீட்டுக்கு ஒதிலியா ரோசாஸ் என்றுதான் கூப்பிடுவார். "வந்திருக்கேன்" என்று ஒரு குரல் வர வேண்டும். யார் வாயிலிருந்து வந்தாலும் சரிதான். வசதியுள்ள பெண்கள் பலரும் வேறு ஆளை அனுப்புவது வழக்கம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

பதினோரு வருஷம் அந்தக் குரல் மரிசெலாவின் அம்மா வெனான்சியாவுடையது. ஒதிலியாவுக்கு அப்போது பிஸ்கட் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட். வீட்டுக்குத் துணி துவைக்க வந்த வெனான்சியாதான், "நான் போறேனே. கல்லு தூக்குறது எனக்கென்ன புதுசா?" என்றாள். பிறகு ஒதிலியா கம்பெனியை விட்டு நின்றாள். நின்ற பிறகும் முட்டிவலி என்று சொல்லி வெனான்சியாவையே அனுப்பினாள். முட்டிவலிக்காரி சனிக்கிழமைக் கல்யாணங்களில் எப்படி ஆடினாள் என்பது ஊருக்கே தெரியும். பதிலுக்கு வெனான்சியாவுக்கு மிஞ்சின மோலேக் குழம்பு ஒரு பாத்திரம், குளிர்காலம் வந்தால் பழைய ஸ்வெட்டர்.

வடக்கு மதில் முடிந்த அன்றைக்கு ஒதிலியா அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். பிருல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது வெனான்சியா சொன்னாள், "நகராட்சிக் கல்லறையில ஏழு வருஷந்தானாம். அப்புறம் எலும்பைத் தோண்டி எடுத்துருவாங்களாம். தெற்கே ஒஹாக்காவுல இருக்குற எங்க சொந்த ஊருக்கும் போக முடியாது. இத்தனை வருஷமா அங்க ஊர்வேலை செய்யலைன்னு எம்பேரை எடுத்துட்டாங்க."

"இத்தனை கல்லு சுமந்திருக்க, உனக்கு இங்க இடமில்லாமப் போயிருமா? நான் இருக்கேன்ல" என்றாள் ஒதிலியா.

போகிற போக்கில் சொன்னதுதான். வெனான்சியா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சிமென்ட் காய்ந்த கையால் ஒதிலியாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

மத்தியானம் ஒதிலியா சர்க்கரையும் காபித்தூளும் எடுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனாள். துக்க வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. அதில் மேயர் தேர்தலுக்கு நிற்கிறவரின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ஆள் ஒருவன் காலி நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"சவப்பெட்டி அவங்க கொடுத்தது" என்றாள் மரிசெலா. "பஸ் விடுறாங்களாம். நாற்காலி, காபி எல்லாம் உண்டாம். இடத்தைப் பத்தி மட்டும் பேசாதம்மான்னுட்டாங்க."

"நான் என்னம்மா பண்றது?" என்றான் அந்த ஆள். "ஊர்க்காரங்க ஓட்டு மொத்தமா விழுற ஓட்டு. தேர்தல் முடியட்டும், அண்ணன்கிட்டச் சொல்லிப் பாக்கலாம்."

"தேர்தல் வரைக்கும் அம்மாவை ஐஸ்ல வெக்கட்டுமா?"

அவன் நாற்காலிகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டான்.

ஒதிலியா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வெனான்சியாவுக்கு ஒதிலியாவின் பழைய நீல ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தார்கள். மூன்றாவது பொத்தானுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பொத்தான். பழைய பொத்தான் அறுந்தபோது, இனி இந்த ஸ்வெட்டரை யார் போடுவது என்றுதான் தூக்கிக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டில் இருந்ததிலேயே நல்ல துணி அதுவாக இருந்திருக்கிறது. ஒதிலியாவுக்குக் கூசியது. பெட்டியைத் தொடக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. காபித்தூளை யார் கையிலோ திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. மே மாதப் புழுக்கம். மரிசெலாவை வாசல் பக்கம் நிற்க வைத்திருந்தார்கள்.

"கேக்குறது பாவமாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தார் எவரார்தோ. "ஆனா கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கில்ல? யாரு மேலயும் நமக்கு விரோதம் இல்ல. ஊர்வேலை செஞ்சவங்களுக்கு இடம் உண்டு, செய்யாதவங்களுக்கு இல்ல. அந்தம்மா ஒரு நாளாவது ஊர்வேலைக்கு வந்திருக்குதா? இங்க யாராவது சொல்லுங்க."

வடக்கு மதில் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி செருப்பைப் பார்த்தாள், ஒருத்தி விசிறியை வேகமாக வீசினாள். ஹசிந்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் பெயருக்கும் இரண்டு வருஷம் வெனான்சியாதான் சாக்கடை வெட்டினாள்.

"யாரும் சொல்லலையே. அப்ப முடிஞ்சுபோச்சு" என்றார் எர்மிலோ.

ஒதிலியா வாயைத் திறக்கப் போனாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். வார்த்தையை மென்று முழுங்கினாள். வாசலில் மரிசெலா போவதற்காகத் திரும்பினாள். அந்த முதுகு அப்படியே வெனான்சியாவின் முதுகு. கல் சுமந்து கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்த முதுகு அந்த வயதிலேயே பிள்ளைக்கும் வந்திருந்தது.

"அவ வந்தா" என்றாள் ஒதிலியா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள். "பதினோரு வருஷம் வந்தா. எம்பேருக்கு."

"உட்காரு" என்றார் எர்மிலோ.

"நான் ஒரு நாளும் வரல. ஒரு செங்கலைத் தொட்டதில்ல. உங்க எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், தெரிஞ்சும் காலையில அந்தப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல நின்னப்ப ரொட்டியைத் திருப்பிக்கிட்டு நின்னேன்."

"பேரு யாரோடதோ, கணக்கு அவங்களோடது" என்றார் எவரார்தோ. "எல்லா வீட்டுலயும் நடக்குறதுதானே இது? உன் கணக்கை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க முடியுமா?"

"கணக்கு வேண்டாம். என் இடத்தைக் கொடுக்கலாமில்ல?"

அவளுடைய இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வயதில் காய்ச்சலில் போன அவள் மகள் எல்வியாவின் சின்ன வெள்ளைச் சிலுவைக்குப் பக்கத்தில், அப்பன் வழியில் அவளுக்கு என்று வந்த ஆறடி. பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து, ஒரு நாள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வேன் என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் தேறினாள்.

"கொடுத்தா திரும்பக் கேக்க முடியாது" என்றார் எவரார்தோ மெதுவாக.

"தெரியும்."

"நீ செத்தா எங்க போவ?" ஹசிந்தா கேட்டாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"ஏழு வருஷம் நகராட்சியில கிடப்பேன். அப்புறம் தோண்டிப் போடட்டும்."

எர்மிலோ முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர்கள் ஒதுங்கிப்போய்க் குசுகுசுத்தார்கள். கொடுக்காதே என்று சொல்லவும் வழக்கத்தில் இடமில்லை. கடைசியில் எவரார்தோ வந்து தொண்டையைச் செருமினார்.

"சரி, புதைச்சுக்கட்டும். ஆனா ஒண்ணு. இடம் ஒதிலியா ரோசாஸ் பேர்ல இருக்கு. சிலுவையில அந்தப் பேருதான் இருக்கணும். வேற பேர் எழுதினா நாளைக்கு அதைக் காட்டி இன்னொருத்தி வந்து நிப்பா."

ஒதிலியா இதை எதிர்பார்க்கவில்லை. "மரிசெலா, வேண்டாம்மா. நான் இன்னும் பேசிப் பாக்குறேன்" என்றாள்.

"பரவாயில்ல" என்றாள் மரிசெலா. அழுகை இல்லாத, வறண்ட குரல். "அந்தப் பேருக்கு வந்திருக்கேன்னு சொல்லி அம்மாவுக்குப் பழக்கந்தான்."

அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. இருக்க வேண்டிய நியாயமும் இல்லை என்று ஒதிலியாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் புதைத்தார்கள். எர்மிலோ பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கறுப்புப் பெயின்ட்டில் புதிதாக எழுதிய சிலுவையில் ஒதிலியா ரோசாஸ் என்று தன் பெயரையே படித்துக்கொண்டு அவள் ஒரு பிடி மண் போட்டாள். எல்வியாவின் பக்கத்தில் வெனான்சியா படுத்துக்கொண்டாள். பிள்ளை இனித் தனியாக இல்லை என்று ஒதிலியா ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டாள். அடுத்த நிமிஷமே, செத்தவளையும் என் பிள்ளைக்குத் துணையாக வேலைக்கு வைத்துவிட்டேனே என்று நெஞ்சு சுருக்கென்றது.

தேர்தல் நடந்தது. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர் ஜெயித்தார். மழைக்காலமும் முடிந்தது. வீட்டில் எர்மிலோ அவளிடம் சாப்பாடு, சாவி, சட்டை என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

இறந்தவர்கள் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர்வேலை. கல்லறைகளைக் கழுவி, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். செவ்வந்திப் பூ விற்கிறவர்கள் விடிந்ததுமே வாசலில் கடை பரப்பியிருந்தார்கள். எவரார்தோ வழக்கம்போல் பென்சிலோடு நின்றார். பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் விளக்குமாறும் இன்னொரு கையில் சுண்ணாம்பு வாளியுமாக ஒதிலியா முன் வரிசையில் நின்றாள். அவளை அங்கே பார்த்ததில் நாலைந்து பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"ரோசாஸ், ஒதிலியா."

ஒதிலியா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒதிலியா, அதான் எதிர்லயே நிக்கிறியே. வாயைத் திறந்து சொல்லேன்."

"ஒதிலியா ரோசாஸ் உள்ள படுத்திருக்கா, தோன் எவரார்தோ" என்றாள் அவள். "நீங்க எழுதச் சொன்ன சிலுவைதான். போய்ப் படிச்சுப் பாருங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எர்மிலோ கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவரார்தோவின் பென்சில் அந்தப் பெயருக்கு நேரே வந்து, போடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றது.

"அப்ப நீ யாரு?" என்றார் எரிச்சலோடு.

"வெனான்சியா ஹிரோன். வந்திருக்கேன். எழுதிக்குங்க."

அவர் எழுதினாரா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வடக்கு மதில் பக்கம் போனாள். மத்தியானம்வரை குனிந்து நிமிர்ந்து சுண்ணாம்பு அடித்தாள். அன்றைக்கு அவளுக்கு முட்டி உண்மையிலேயே வலித்தது.