நாலு கேனும் ஓர் ஆளும்

கேன்காரன் வண்டியின் பின்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து, மூன்றாவது முறையாகப் பெரிய நட்டை இளக்கினான். வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுவது அவன் வேலை, இருசக்கர வண்டி கம்பெனியுடையது. மனைவி பழைய பேப்பர் எடைக்கு எடுப்பவள். தன் கொக்கித் தராசை, அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் பல் வைத்த பெல்ட்டில் மாட்டி, முள் நாலரைக் கிலோவைத் தொடும்வரை கீழே இழுத்தாள். பெல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மகளின் ஸ்கேலை வைத்து அவன் பார்த்தான்.

"எட்டு மில்லிமீட்டர். வண்டிப் புத்தகத்துல போட்ருக்கற மாதிரியேதான் இருக்கு."

"அப்புறம் ஏங்க அறுந்து அறுந்து போகுது?"

அதுதான் அவனுக்கும் பிடிபடவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு பெல்ட் போயாயிற்று. மூன்றாவதும் போனால் அவன் கேன் போடும் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். இறுக்கினால் வண்டி வீலென்று கத்துகிறது. தளர்த்தினால், கேனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெல்ட் பல் தாவி முதுகில் உதைப்பதுபோல் குலுக்குகிறது. யோசித்து யோசித்து அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

சுமையேற்றிப் பார்த்தால் என்ன என்றாள் அவள். நாலு கேனிலும் குழாய்த் தண்ணீர் பிடித்து, இரண்டு பக்கமும் கட்டினார்கள். அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் தராசை இழுத்தாள். பெல்ட் இம்மிகூட அசையவில்லை.

புத்தகத்தை மறுபடி புரட்டினாள். சுமையோடு மூன்று மில்லியாவது இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துவிடும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஓட்டுபவரும் இருபது கிலோவும் மட்டும் என்றிருந்தது. ஒரு கேனே இருபது கிலோ.

உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். புத்தகப்படி வைக்கச் சொன்னார். புத்தகப்படி ஒரு கேன்தானே சார் ஏற்றலாம் என்று கேட்டான்.

"பெல்ட்டைத்தான் புத்தகப்படி வைக்கச் சொன்னேன். கேன் நாலுதான்."

போனை வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எடை விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"புத்தகக் கணக்குக்கு நீங்க எழுபது, கூட இருபது, தொண்ணூறு. நாலு கேன் மட்டும்னா எம்பது. கொஞ்சம் இறங்குங்க பாப்போம்."

இறங்கினான். அவள் தராசை இழுத்தாள். பெல்ட் மூன்று மில்லிக்குச் சரியாக வந்து நின்றது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை டிப்போ வாசலில், நாலு கேனும் கட்டிய வண்டியை மெதுவாக முறுக்கிவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தான். மற்ற கேன்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சூப்பர்வைசர் நிறுத்தி, ஏன் ஏறவில்லை என்று கேட்டார். அவன் தராசு, ஸ்கேல், மில்லி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"நடந்தே போறதுன்னா சீட்டு சும்மாதானே இருக்கு?"

உள்ளேயிருந்து ஐந்தாவது கேனைக் கொண்டுவந்து சீட்டில் வைத்துக் கட்டினார்கள். கேன்காரன் குனிந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். அசையவில்லை. இன்னொரு கையையும் கொடுத்து அழுத்தினான்.