ஏழரைக் குழு

எங்கள் குழுவுக்கு நாங்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஏழரை மாத்திரையில் சுழலும் எங்கள் தாளத்தைக் கேட்டு வெறுத்துப்போன ஒருவர் ‘ஏழரை’ என்றார்; அதுவே நிலைத்துவிட்டது. ஜாஸையும் ராக்கையும் கலந்து நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பொருத்தம்தான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நான் கிட்டார். பல் டாக்டர் சாக்ஸபோன். டயர் கடைக்காரரான என் அக்கா வீட்டுக்காரர் ட்ரம்ஸ். பதினோரு வருடம் ஞாயிறு மதியங்களில் அவருடைய குடோனில் வாசித்தோம். கூட்டம் பத்துப் பேரைத் தாண்டியதில்லை. அதிலும் நாலு பேர் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள்.

பிறகு, பல் பிடுங்க வந்த வானொலிக்காரர் ஒருவர் கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பதிவை டாக்டரிடம் கேட்டு வாங்கி ஒலிபரப்பினார். மூன்றே மாதத்தில் நகரமன்றத்தில் எழுநூறு இருக்கையும் நிறைந்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை கடைக்கு ஓடினேன். மாமா லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, இன்னும் மூணு ஊர்ல கூப்பிடுறாங்க!”

“நல்லது. வேற ஆளைப் பாத்துக்கோ. நான் வரல.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு இந்தப் பாட்டே பிடிக்காதுடா. என்னைக்குமே பிடிச்சதில்ல.”

“பதினோரு வருஷம் வாசிச்சீங்களே!”

“உங்கப்பா போனப்ப ஆறு மாசம் யார்கிட்டயும் வாய் திறக்காம கிடந்தே. கிட்டாரை மட்டும்தான் தொட்டே. உங்கக்கா அழுதுட்டே இருந்தா. கூட உக்காந்து தட்ட ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு. இப்பதான் எழுநூறு பேர் இருக்காங்கல்ல?”

அவர் டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “பிடிக்காமலா அந்த அடி அடிச்சாரு?”

புதிதாக வந்த ட்ரம்ஸ்காரர் கெட்டிக்காரர். தாளம் இம்மி பிசகவில்லை. ஆனால் அரங்கம் காலியாகிக்கொண்டே வந்தது. வானொலிக்காரர்தான் போட்டு உடைத்தார்: “முன்னாடி இருந்தவரு ஒவ்வொரு அடியையும் கடுப்போட, துளி தாமதமா அடிப்பாரு. சனம் அதுக்குத்தாங்க வந்துச்சு.”

அக்காவிடம் ஓடினேன். “நீ கூப்பிட்டா வந்துடுவாரு. அதனாலதான் சொல்றேன், கூப்பிடாதே” என்றாள்.

கூப்பிடவில்லை. இப்போது முப்பது பேருக்கு வாசிக்கிறோம். போன வாரம் மாமாவிடம், “உங்களுக்கு எந்தப் பாட்டுதான் பிடிக்கும்?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதேயில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பழைய சினிமாப் பாட்டை முனகினார். சுருதி எங்கேயோ போனது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.