ஏழாம் நிலையத்துக் கூலிப் பட்டியல்

மாதப்பனுக்கு அந்த வேலை கிடைத்தது 1946 ஆடியில். தருமபுரிக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு புளிக் கிடங்கில் கடற்படையின் காகிதங்கள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து நாற்பத்திரண்டில் சென்னையே காலியானபோது, மொரப்பூர் வரை ரயிலிலும் அங்கிருந்து லாரியிலும் கொண்டுவந்து இறக்கியவை அவை. பிறகு தீவுகளில் இருந்த தளங்களை மூட மூட, அங்கிருந்த கட்டுகளும் இங்கேயே வந்து சேர்ந்தன. எந்தத் தாளை எடுத்தாலும் புளி வாசம் அடித்தது.

போர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு வேண்டியதை டெல்லிக்கு அனுப்பிவிட்டு மற்றதை எரித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கப்பல் நடமாட்டம், சிக்னல்கள், வரைபடங்கள், தளபதிகளின் அறிக்கைகள் பெட்டிக்குள் போகும். சமையல் கூடத்துக் கணக்கும் கூலிப் பட்டியலும் சனிக்கிழமைதோறும் கிடங்கின் பின்புறம் எரியும். ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்து எது எந்தப் பக்கம் என்று ஒதுக்குவதுதான் மாதப்பனின் வேலை.

அவனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. பாப்பாரப்பட்டிக்காரனான அவன் மூன்று வருஷம் ஒரு தீவில் கடற்படைக் குமாஸ்தாவாக இருந்தவன். பெயரை எழுதக்கூடாது என்பதால் காகிதங்களில் அந்தத் தீவு ஏழாம் நிலையம். கப்பல்கள் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வந்து நிற்கும், போய்விடும். எதிரி அங்கே வரவே இல்லை. காய்ச்சல்தான் வந்தது. எண்ணெய்த் தொட்டி கட்டவும் பீரங்கி மேடை போடவும் கொண்டுவந்த கூலிகள் ஓலைக் கொட்டகைகளில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். மாலை அறிக்கையில் மாதப்பன் ஒரு வரி டைப் அடிப்பான்: 'கூலிகள், சாவு நான்கு.' சில நாள் ஏழு. பெயரை யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்தக் காய்ச்சல் அவன் உடம்பிலும் தங்கிவிட்டது. மாதம் ஒருமுறை வந்து மூன்று நாள் அடித்துப் போட்டுவிட்டுப் போகும். ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகியும் எந்நேரமும் படுத்துக்கொண்டால் தேவலை போலவே இருந்தது அவனுக்கு.

ஆவணி முதல் வாரம் செல்லி என்ற பெண் கிடங்குக்கு வந்தாள். வத்தல்மலைக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். சந்தையில் கடுக்காய் விற்றுவிட்டு, காலி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். கூட வந்த செல்லன் என்பவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

அவள் சொன்னது இதுதான். நாற்பத்திரண்டு ஐப்பசியில் கங்காணி ஒருவன் மலையேறி வந்து, மிலிட்டரி ரோடு வேலை, ஆறே மாதம் என்று சொல்லிப் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். அவளுடைய புருஷன் கரியனும் அதில் ஒருவன். திரும்பி வந்தது ஐந்து பேர். ரோடு வேலை இல்லை, கப்பலேற்றி ஒரு தீவில் எண்ணெய்த் தொட்டி கட்ட வைத்தார்கள் என்றார்கள் அவர்கள். கரியன் காய்ச்சலில் செத்துப்போனான் என்றார் ஒருவர். கொச்சியில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். கங்காணியின் தடமே இல்லை. தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்தாயிற்று. கடைசியில் அங்கிருந்த டவாலிச் சேவகர்தான் இந்தக் கிடங்கைக் காட்டிவிட்டார். செல்லனும் பெண்சாதியை இழந்தவன். இருவரும் கட்டிக்கொள்ள அவர்கள் வழக்கத்தில் தடை இல்லை. ஆனால் ஊர்க்கவுண்டர் ஒரே பிடியாக இருந்தார். கரியன் செத்திருந்தால் கருமாதி முடித்துவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும், எதுவும் தெரியாமல் கூடாது என்று.

"செத்தாரா இருக்காரா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா. வேற எதுவும் கேக்க வரலீங்க," என்றாள் செல்லி.

தலைமைக் குமாஸ்தா சென்னைக்காரர். மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். இது ரகசியக் காகிதம், வெளியாட்களுக்குச் சொல்வதற்கில்லை என்று அவளிடம் அலுப்போடு சொல்லிவிட்டு உள்ளே போனார். மாதப்பன் அடுத்த சந்தைக்கு வரச் சொன்னான். தேடுவதற்காகச் சொல்லவில்லை. அப்போதைக்கு அவள் போனால் போதும் என்றிருந்தது.

அவள் அடுத்த சந்தைக்கு வந்தாள். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஒரு தாளைக்கூட அவன் புரட்டியிருக்கவில்லை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல் வந்து பாப்பாரப்பட்டியில் படுத்துக்கிடந்தான். மனைவி தீர்த்தம்மாள் கஞ்சி வைத்துக்கொண்டு எழுப்பினாலும் எழுந்திருக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று செல்லி கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கிடைக்கவில்லை என்றான்.

"நீங்க தேடவே இல்லீங்க," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. கட்டை அவுத்துக் குடுக்கிறேன், நீங்க படிங்க."

மாதப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளை அனுப்பிவிட்டு எரிக்கிற பக்கம் போனான். அங்கே போன பிறகுதான் உறைத்தது. அவள் முதலில் வந்து போனதிலிருந்து இரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன. ஏழாம் நிலையத்துக் கூலிப் பட்டியலில் பாதிக்கு மேல் சாம்பலாகிவிட்டிருந்தது. அவன்தான் அவற்றை அந்தப் பக்கம் ஒதுக்கியவன்.

மிச்சத்தை நான்கு நாள் புரட்டினான். கேட்டவன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். கரியா, காரியன், கரியப்பா. அப்போது தருமபுரியும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாக்காரர்களில் மட்டும் மூன்று கரியன்கள் இருந்தார்கள். செல்லியின் புருஷனுக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, கரும்பு ஆலையில் போனது என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த அடையாளத்தோடு ஒரு கரியன் நாற்பத்து மூன்று வைகாசியில் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் சேர்ந்திருந்தான். என்ன ஆனான் என்ற கட்டத்தில் வெறும் கோடு இழுத்திருந்தது. மாதப்பன் அந்தக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். விசாரிக்கச் சோம்பல்பட்ட நாட்களில் அவனும் அப்படித்தான் கோடு இழுப்பான். அந்தக் கோடு அவன் இழுத்ததாகவே இருக்கலாம்.

ஐந்தாம் நாள் இன்னொரு தாள் அகப்பட்டது. நாற்பத்து நான்கு மாசியில் கொச்சியில் கரையிறங்கியவர்களின் பட்டியல். கரியன், வத்தல்மலை, இடது சுண்டுவிரல் இல்லை. பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. மொரப்பூருக்கு ரயில் பாஸ் என்ற கட்டத்தில் மற்ற எல்லாருக்கும் நம்பர் இருந்தது. அவனுக்கு நேராக 'வேண்டாம் என்றான்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

செல்லி வந்ததும் மாதப்பன் இரண்டு தாளையும் மேஜை மேல் வைத்துப் படித்துச் சொன்னான். அவள் அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டாள்.

"வேண்டாம்னு அவரு சொன்னாருங்களா, எழுதினவங்களா எழுதிக்கிட்டாங்களா?"

பொய் சொல்ல மாதப்பனுக்கு மனம் வரவில்லை. "அங்க நான் இல்லம்மா. வெறுமனே விட்டுட்டுப் போறது எழுதறவனுக்குச் சுலபம். மெனக்கெட்டு எழுதியிருக்கான்னா, இவரு சொல்லித்தான் இருக்கணும்," என்றான்.

அப்போது செல்லன் முதல் தடவையாக உள்ளே வந்தான். கும்பிட்டுவிட்டு மெதுவாகப் பேசினான். அந்த ஆஸ்பத்திரித் தாள் ஒன்று போதாதா, அதை மட்டும் வைத்துச் செத்துவிட்டதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றான். அவன் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது. பெயர் தெரியாமல் எத்தனையோ பேரைச் செத்தவர்களாக டைப் அடித்த கைதானே, இன்னொரு வரி எழுதுவதில் என்ன இருக்கிறது என்று மாதப்பனும் ஒரு கணம் நினைத்தான்.

செல்லி அதற்கு ஒப்பவில்லை. "செத்தாருன்னா நான் அழுவணும். அவுங்க அண்ணன் மொட்டை போடணும். எங்கியோ சோறு திங்கிற ஆளுக்கு நான் எதுக்கு அழுவறது? வேண்டாம்னு சொன்னதையே எழுதிக் குடுங்க," என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தில் துக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. நாலு வருஷம் சுமந்த பாரத்தை இறக்கி வைத்தவள் போல வெறுமனே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதப்பன் அந்த வரியைத் தமிழில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அப்படிக் கொடுக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது.

அன்று மாலை, மிச்சமிருக்கும் கூலிப் பட்டியல்களையும் டெல்லிக்கு அனுப்பலாமா என்று தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்டான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவா கேட்டது இது இல்லப்பா. பதினெட்டுப் பெட்டிதான் சாங்ஷன். கப்பல் எங்க போச்சுன்னு கேட்டிருக்கா. மண்ணு சுமந்தவனைக் கேக்கலை."

மறுநாள் மாதப்பன் ஆஸ்பத்திரிப் பட்டியலையும் கொச்சிப் பட்டியலையும் பன்னிரண்டாம் பெட்டியில் வரைபடங்களுக்கு அடியில் வைத்தான். ஆணி அடிக்கும் முன் தலைமைக் குமாஸ்தா மூடியைத் தூக்கிப் பார்த்தார், ஒரு வரைபடத்தையும் நகர்த்திப் பார்த்தார். பிறகு அடி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். டெல்லியில் அந்தப் பெட்டியை யாராவது திறந்தார்களா என்பது மாதப்பனுக்குத் தெரியவே இல்லை.

மற்றவை கார்த்திகையில் எரிந்தன. மழையில் ஓதம் ஏறிய கட்டுகள் லேசில் பற்றிக்கொள்ளவில்லை. காலையில் வைத்த தீ சாயங்காலம் வரை புகைந்தது. மாதப்பன் கோலால் கிளறிக்கொண்டே இருந்தான். சுருண்டு விரிகிற தாள்களில் பெயர்கள் தெரிந்தன. முதலில் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தான். கண் எரியத் தொடங்கியதும் படிப்பதையும் விட்டுவிட்டான்.

கிடங்கைக் காலி செய்த பிறகு அவனுக்கு வேறு வேலை வரவில்லை. தீர்த்தம்மாளோடு சேர்ந்து இருக்கிற அரைக் காணியில் கடலைக்காய் போட்டான். மாசியில் ஒருநாள் பாப்பாரப்பட்டிச் சந்தையில் செல்லன் மூட்டைகளோடு எதிரே வந்தான். ஊர்க்கவுண்டர் அந்தக் காகிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். வீட்டுக்கு வரமாட்டேன் என்று வாயால் சொன்னவனுக்காக இவள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கரியனின் அண்ணனே எழுந்து சொன்னாராம். தையில் கல்யாணம் ஆயிற்று.

கரியனைப் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று மாதப்பன் கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொன்ன செல்லன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"உங்களுக்கு உடம்பு கொதிக்குதுங்க. நிழல்ல கொஞ்சம் சாயுங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்," என்றான்.

மாதப்பன் மறுக்கவில்லை. புளியமரத்தடியில் செல்லனின் மூட்டைகள் மேல் சாய்ந்தவன், சந்தை கலைகிற வரை தூங்கினான்.