உப்புக் கிடங்கின் சுவர்

அடித்த ஆணியோடு கையகலக் காரையும் பெயர்ந்து விழுந்தது. மூத்தவள் ஏணியில் நின்றபடியே பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சத்தம் அப்பா காதில் விழுந்திருக்கக் கூடாது.

"மாட்டியாச்சாம்மா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"ஆயிட்டே இருக்குப்பா."

எங்கே ஆவது? தலைமுறை தலைமுறையாக உப்பு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. மூத்தவள் வரைந்த ஓவியங்களை மாட்ட ஒருவரும் இடம் தரவில்லை என்று, லாரி ஓட்டி ஓய்ந்த அப்பா இருந்த வீட்டை விற்று இதை வாங்கினார். குடும்பமே கூடி வௌவால் எச்சத்தைச் சுரண்டியது. உப்பைத் தின்ற சுவர் தண்ணீர் குடிக்காமலா இருக்கும் என்று தெரு சிரித்தது. அவர் அசரவில்லை. உப்பு வெளியே வராமலிருக்க, எல்லோருமாகச் சேர்ந்து சுவர்மேல் எண்ணெய்ப் பெயிண்டை அப்பினார்கள். அங்கேதான் சறுக்கியது. வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே ஊறிக் காரையை மாவாக்கிவிட்டது. திறப்பு விழா தள்ளித் தள்ளிப் போக, அப்பாவின் நுரையீரல் முந்திக்கொண்டது. இன்றையப் பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மாட்டிய படத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மூத்தவள் ஏணியை விட்டு இறங்கினாள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு படத்தைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். தம்பி அவளைப் பார்த்தான். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"எடப்பக்கம் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினாள்.

"இப்ப சரி." மூச்சு வாங்கியது. "கை கடுக்கும்மா. எறக்கிடு."

"ஆணியிலதாம்ப்பா தொங்குது."

சட்டத்தின் இரு முனையிலும் அவள் விரல்கள் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன. அவர் தலையாட்டினார். சின்ன வயதில் அவள் பொய் சொன்னபோதெல்லாம் ஆட்டிய அதே தலையாட்டல்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா குனிந்து, அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

தம்பி தன் படத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

"அக்கா, போதும். எறக்கு."

அவள் இறக்கவில்லை. இடப்பக்கம் தாழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் தலைமுடியில் காரை உதிர்ந்துகொண்டிருந்தது.