மருந்து வாடை

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்றில் ஸ்ரீதருக்கு வேலை. குழாய்களை உப்புத்தண்ணீர் அரிக்காமலிருக்க மருந்து ஏற்றுவான். அன்று பம்ப் கசிந்து மருந்து அவன் மேல் தெறித்துவிட்டது. சோப்புப் போட்டுக் குளித்தும் அதன் அழுகிய மீன் வாடை போகவில்லை.

கடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஸ்ரீதர் கூசிப்போனான். முட்லூரில் மீன்கூடையோடு ஏறிய மங்கலம் என்ற மீன்காரி அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் மீன் யாவாரமா தம்பி?"

"இல்லக்கா. இரும்புக் குழாய் துருப்பிடிக்காம இருக்க ஊத்துற மருந்து."

"எங்க போட் இன்ஜினும் துருப்பிடிச்சுப் போவுது. கொஞ்சம் கொண்டாந்து தாயேன்."

"வேணாங்க்கா, விஷம். மீனுல பட்டா ஆகாது."

மங்கலம் கூடையை மறுபக்கம் நகர்த்தினாள், ஆனால் தான் நகரவில்லை. கடலூர் வரைக்கும் இன்ஜின் கதையைச் சொன்னாள். ஸ்ரீதர் கூச்சம் மறந்து கேட்டுக்கொண்டு வந்தான்.