நடைவழி இருந்த பக்கம்

"நவம்பர் 12, வியாழன். இன்று வேலையில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பக்கம் மாறிவிட்டது."

இவ்வளவு எழுதிவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள். 'சிறு' என்ற சொல் உறுத்தியது. அடித்துவிடலாமா என்று பார்த்தாள். எழுதியதை அடிக்காதே, நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்று ஊரில் அவள் போய்வந்த எழுத்து வகுப்பின் ஆசிரியை சொல்லியிருந்தார். வரிசை என்றால் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்டத்தின் ஒரு கடற்கரையில் புறப்பட்டு மறு கடற்கரைவரை ஊர்ந்து போகும் சொகுசு ரயிலில் அவள் பணிப்பெண். ஒரு பெட்டி முழுக்க அவள் பொறுப்பு. விமானத்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தீர்ந்துபோகிற தூரத்தை இந்த வண்டி வாரக்கணக்கில் கடக்கும். விருந்தினர்கள் அந்த மெதுவான போக்குக்குத்தான் பணம் கட்டினார்கள். வேலை கிடைத்த அன்று அதைக் கேட்ட அப்பா, "நம்ம பாசஞ்சர் வண்டி இத விட மெதுவா போகுமே, அவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவரை நுரையீரல் கைவிட்டுவிட்டது. வண்டி மறு கரையைத் தொட்டுத் திரும்பும்வரை தாங்காது என்று மருத்துவர் தம்பியிடம் சொல்லியிருந்தார். விடுப்புக் கேட்டதற்கு மேற்பார்வையாளர், நடுவழியில் இறங்கினால் மறுபடி ஏறுவது என்ற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் இறங்கி வரச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். அவர்கள் குடியிருப்பு தண்டவாளத்தை ஒட்டியது. வண்டி அங்கே நிற்காது, ஆனால் மெதுவாகப் போகும். விளக்கெரியும் ஜன்னலில் மகள் சீருடையோடு நிற்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. குடியிருப்பு வருவதற்கு முன்பே வண்டியின் திரைகளையெல்லாம் இறக்கிவிடுவது வழக்கம். மாலைத் தேநீர் போகும், கூடவே திரையும் இறங்கும். "கண்டத்தப் பாக்க வந்தவங்களுக்கு யாரோ துணி காயப்போட்டதயா காட்டுறது?" என்பார் மேற்பார்வையாளர். அந்தக் கொடியில் காய்வது தன் வீட்டுத் துணியும்தான் என்று அவள் அவரிடம் சொன்னதில்லை.

அவள் பெட்டியில் ஒரு பக்கம் அறைகள், மறுபக்கம் நீளமான நடைவழி. நடைவழிதான் எப்போதும் வீட்டுப் பக்கம் வரும். ஆகவே அதன் கடைசி ஜன்னலில் மட்டும் திரையை இறக்காமல் விட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்து தம்பிக்கும் சொல்லிவிட்டாள். அப்பாவை நாற்காலியோடு தூக்கி வேலியோரம் வைப்பதாக அவன் ஒப்புக்கொண்டான்.

இன்று காலை ஒரு பாலத்தில் பழுது என்று வண்டியைச் சுற்றுவழியில் விட்டார்கள்; குடியிருப்புக்கு முன்பே அது பழைய பாதையில் சேர்ந்துவிடும். ஒரு சந்திப்பு நிலையத்தில் எஞ்சினைத் தலையிலிருந்து கழற்றி வாலில் கோத்தார்கள். அவள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறாம் அறை அம்மாள் தனியாக வந்திருந்தவர், எதையும் விடாமல் பார்ப்பவர். தன் நாற்காலி திடீரென்று பின்னோக்கிப் போவதாக அவர் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அதோடு சரி. நாற்காலி ஏன் பின்னோக்கிப் போனது என்று மண்டையில் உறைக்கவில்லை.

மாலையில் எல்லாம் கணக்காக நடந்தது. தேநீர் கொடுத்தாள். ஆறு அறைகளிலும் திரையை இறக்கினாள். நடைவழியில் கடைசி ஜன்னலுக்கு வந்து, தொப்பியைச் சரிசெய்து, விளக்கின் நேர்கீழே நின்றாள். வெளியே இருட்டிவிட்டதால் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. வண்டி வேகம் குறைந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள். சிரிக்கவும் செய்தாள். களைத்த முகத்தை அப்பா பார்க்க வேண்டாம் என்றுதான்.

ஆறாம் அறைக் கதவு திறந்தது. அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தார்.

"சுவரப் பாத்து யாருக்கும்மா கை காட்டுற?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் கைகளைக் குவித்துப் பார்த்தாள். ஆலையின் செங்கல் சுவர் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருப்புக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய சுவர். அப்போதுதான் காலையில் திருப்பிப் போட்ட நாற்காலி நினைவுக்கு வந்தது. வண்டி வால் முன்னாக ஓடுகிறது; வீட்டுப் பக்கம் இப்போது அறைகள்தான்.

அனுமதி கேட்காமல் ஆறாம் அறைக்குள் ஓடித் திரையை ஏற்றினாள். குடியிருப்பு போய்விட்டிருந்தது. கடைசி விளக்குக் கம்பம் ஒன்று பின்னால் நகர்ந்தது. அதன் பிறகு வெறும் வயல்.

"உங்க ஆளு யாராவது இருக்காங்களா அங்க?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லம்மா," என்று சொல்லி அவள் திரையை மறுபடி இறக்கினாள்.

சற்று நேரத்தில் தம்பி அழைத்தான். பக்கத்து வீட்டு மாமாவும் அவனுமாக அப்பாவைத் தூக்கி வந்திருக்கிறார்கள். போர்வையைத் தள்ளிவிட்டு, எழுந்து நிற்கிறேன் என்று அடம்பிடித்திருக்கிறார்.

"எல்லா ஜன்னலும் மூடிக் கெடந்துச்சுக்கா. நீ எங்கதான் நின்ன?"

அவள் திருப்பிக் கேட்டாள்: "அப்பா என்ன சொன்னாரு?"

"வேலையா இருப்பா, பாவம்னாரு. உள்ள தூக்கிட்டுப் போடான்னாரு. அப்புறம் பேசல. மூச்சு வாங்குது, டாக்டருக்குச் சொல்லியிருக்கேன்."

அந்தத் திரைகளை இறக்கியது தானேதான் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. நாட்குறிப்பிலும் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேற்பார்வையாளர் தேநீர்க் கோப்பைகளை எடுக்கச் சொல்லிக் கதவைத் தட்டினார். எடுத்தாள், கழுவினாள், துடைத்து அடுக்கினாள். ஆறாம் அறைக்குப் போனபோது அந்த அம்மாள் திரையைத் தானே ஏற்றிவிட்டு இருட்டைப் பார்த்தபடி இருந்தார்.

திரும்பி வந்து பேனாவைத் திறந்தாள். 'சிறு' என்பதை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

"நாளை: வண்டி முதலில் நிற்கும் நிலையத்தில் இறங்க வேண்டும். சீருடையைக் கழற்றாமல் பாசஞ்சர் வண்டி பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும்."